ஒருபால் மணமும் உயிரின் சார்பும்

மக்கள் தம் மனத்துள் உறுதியாகக் கொண்டிருக்கும் கருத்துக்களுள் தாமே ஆராய்ந்து தெளிந்தவை எவை, தாம் பிறந்து வளர்ந்த சூழலினின்றும் வந்து பற்றியவை எவை என்பது அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையதென்பது சித்தாந்தத்தின் துணிபு. படிகமானது தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன்னிறம்போலக் காட்டுமாறுபோல, உயிரும் தான் அடுத்த இனம், கூட்டம், வழக்கம், கல்வி என்பவற்றின் நிறத்தைத் தன்னறிவே போலக் கொண்டு நிற்கும். இதனை நூலளவில் ஒப்புக்கொள்ளுதல் எளிது. மக்கள் வாழ்வில் நிகழ்ந்ததொரு வழக்கின்கண் வைத்து ஆராயுங்காலத்தே இதன் ஆழம் புலனாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருபால் மணத்தைக் குறித்து நிகழ்ந்த வழக்கு அங்ஙனம் ஆராய்தற்கு ஏற்றது.

ஒருபால் மணமாவது ஆடவர் இருவரேனும் மகளிர் இருவரேனும், மணந்தோர்க்குச் சட்டம் வழங்கும் உரிமையும் கடமையும் பூண்டு ஓரில்லத்து வாழ்தல். அந்நாட்டில் 1993-ஆம் ஆண்டில் ஹவாயி மாநிலத்து உச்ச நீதிமன்றம், இம்மணத்தை மறுக்கும் அரசு அதற்குத் தக்க காரணம் காட்டக் கடமைப்பட்டது என்று கூறிற்று. அதன்பின் இவ்வினா நாடெங்கும் பரவியது. 2004-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலம் இம்மணத்தைச் சட்டப்படி நிகழ்த்தத் தொடங்கியது. 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26-ஆம் நாள் நாட்டின் உச்ச நீதிமன்றம் இவ்வுரிமை எல்லா மாநிலத்தார்க்கும் உரியதெனத் தீர்ப்பளித்தது. இம்மணம் தகுமா தகாதா என்பது ஒரு வினா. மக்கள் அதனைத் தகும் என்றோ தகாது என்றோ கொள்ளுதற்கு இனமும் சமயமும் எவ்வாறு காரணமாகின்றன என்பது பிறிதொரு வினா. இக்கட்டுரை பின்னதனை முதற்கண் ஆராய்ந்து, அதன் விடை முன்னதற்கு எவ்வளவில் துணையாகும் என்பதை இறுதிக்கண் நோக்கும்.

இனமே காரணமோ?

2008-ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியா மாநிலத்து உச்ச நீதிமன்றம் ஒருபால் மணத்திற்கு இடந்தந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதம் 4-ஆம் நாள் நிகழ்ந்த பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோருள் நூற்றுக்கு 52 பேர் இசைய, அம்மாநிலத்தில் ஆண் பெண் மணமே மணமெனக் கொள்ளப்படும் என்னும் திருத்தம் நிறைவேறிற்று. பராக் ஒபாமா கறுப்பினத்தாருள் முதல்வராகக் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றதும் அந்நாளிலேயாம். வாக்களித்து வெளிவந்தோரை வினவி எடுத்த கணக்கொன்று, கறுப்பினத்தாருள் நூற்றுக்கு 70 பேர் திருத்தத்தை ஆதரித்தனர் என்று காட்டியது. இவ்வெண் மறுநாளே எங்கும் பரவிற்று. ஒடுக்கப்பட்ட இனத்தாரே பிறரை ஒடுக்க முற்பட்டனர் என்று சிலர் பழித்தனர். இவ்வெறுப்பு அவ்வினத்தாரின் இயற்கை என்னுமளவிற்கும் வேறு சிலர் சென்றனர்.

இப்பழி ஆராய்ச்சிமுன் நில்லாது. அம்மாநிலத்து மக்களுள் கறுப்பினத்தார் நூற்றுக்கு ஏழுபேர் அளவினரே. அவர்தம் வாக்கு ஒன்றே அம்முடிவை உண்டாக்கியது என்றல் கணக்கிற்கு ஒவ்வாது. மேலும், 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிஞர் இருவர் வாக்குக் கணக்குகளை நுணுகி ஆராய்ந்து, அவ்வினத்தாருள் திருத்தத்தை ஆதரித்தோர் நூற்றுக்கு 57 முதல் 59 வரையினரே என மதிப்பிட்டனர். அவர் கண்ட பிறிதோர் உண்மை இன்னும் கருதத்தக்கது. வாரந்தோறும் தவறாது வழிபாட்டிற்குச் செல்வோரை மட்டும் எடுத்து நோக்கின், அவர் எவ்வினத்தவராயினும் நூற்றுக்கு 70 பேர் அளவில் திருத்தத்தையே ஆதரித்திருந்தனர். கறுப்பினத்தாருள் அங்ஙனம் வழிபாட்டிற்குச் செல்வோர் தொகை மிகுதி. ஆகவே, இன வேற்றுமை என்று மேலோட்டமாகத் தோன்றியது பெரும்பான்மையும் வழிபாட்டுப் பழக்கத்தின் வேற்றுமையேயாம். தோலின் நிறம் கருத்தின் நிறத்திற்குக் காரணமாதல் இல்லை.

அற்றேல், அவ்வினத்தார் திருச்சபையை அத்துணை நெருங்கிச் சார்தற்குக் காரணம் யாதெனின், அது அவர்தம் வரலாற்றின்கண் உளது. அடிமைகளாய் இருந்த காலத்து அவர்தம் மணத்தைச் சட்டம் மணமாக ஏற்கவில்லை. கணவனை ஓரூரிலும் மனைவியை வேறோரூரிலும் விற்றுப் பிரித்தல் உடையவனது உரிமையாய் இருந்தது. 1865-ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்தபின், பல்லாண்டு கூடி வாழ்ந்திருந்த இணையர் திரள்திரளாகச் சென்று தம் மணத்தைப் பதிவு செய்துகொண்டனர். மணம் என்பது அவர்க்குத் தாமும் மக்களே என்று உலகறியக் காட்டிய சான்றாய் இருந்தது. திருச்சபையும் அவ்வாறே. வெள்ளையர் கோயிலில் வழிபடுகையில் எழுப்பி அகற்றப்பட்ட ரிச்சர்ட் ஆலன் முதலியோர் தமக்கெனத் தனிக்கூட்டம் அமைத்தனர். அம்முயற்சி முதிர்ந்து 1816-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை தோன்றியது. பிறர் ஆட்சிக்கு உட்படாது அவ்வினத்தார் தாமே நடத்திய நிலையங்கள் நெடுங்காலம் அரியவாயிருந்தன. அவற்றுள் தலையாயது திருச்சபையே. கல்வியும், ஒருவர்க்கொருவர் செய்யும் உதவியும், உரிமைப் போரும் அதனிடத்தினின்றே எழுந்தன. ஆகலின், மணம் என்னும் சொல்லின் பொருளை மாற்றுதல் அரிதில் பெற்ற செல்வம் ஒன்றைக் கவர்தல் போலும் என அவருட் பலர்க்குத் தோன்றியது வியப்பன்று. இனம் வரலாற்றின் வழியாகவும், வரலாறு சமயத்தின் வழியாகவும் கருத்தை வந்தடைகின்றன. இத்தொடர்பை அறியாதார் வரலாற்றின் தழும்பைப் பிறவியின் குணம் என்று மயங்குவர்.

சமயமே காரணமோ?

இனி, சமயமே காரணம் என்று முடித்தலும் அமையாது. என்னை? ஒரே திருநூலைப் போற்றுவாரிடையே கருத்து வேறுபாடு பெரிதாயுள்ளது. 2019-ஆம் ஆண்டில் பியூ ஆய்வு நிலையம் வெளியிட்ட கணக்கின்படி, வெள்ளையருள் நற்செய்திச் சபையினர் எனப்படும் பிராட்டஸ்டண்டாரில் ஒருபால் மணத்தை ஏற்றோர் நூற்றுக்கு 29 பேர். அவ்வினத்தாரே ஆகிய பழஞ்சபைப் பிராட்டஸ்டண்டாரில் ஏற்றோர் 66 பேர். கறுப்பினப் பிராட்டஸ்டண்டாரில் 44 பேர். கத்தோலிக்கரில் 61 பேர். கத்தோலிக்கத் தலைமையிடம் இம்மணத்தை ஏலாதிருக்கவும், அந்நாட்டுக் கத்தோலிக்கருட் பெரும்பாலார் ஏற்றிருத்தல் காண்க. சபைகளும் இங்ஙனமே பிரிந்தன. 2004-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபை தன் குருமார் இம்மணத்தை நடத்தலாகாது என விதித்தது. 2005-ஆம் ஆண்டில் ஐக்கிய கிறிஸ்து சபை மணத்தில் இருபாலார்க்கும் ஒருபாலார்க்கும் நிகருரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. இரண்டும் தம் முடிவைத் திருநூலின் மேலேயே நிறுத்தின.

ஒரே குடும்பத்தினும் இவ்வேறுபாடு காணப்பட்டது. கறுப்பினத்தார் உரிமைக்காக உயிர்நீத்த மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் 2004-ஆம் ஆண்டில், ஒருபால் மணத்தைத் தடுக்கும் அரசியற் சட்டத் திருத்தத்தை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். அவ்வாண்டின் இறுதியில் அவர் மகளாரும் சமய ஊழியருமான பெர்னிஸ் கிங், அத்தகைய தடையை வேண்டி அட்லாண்டா நகரில் எழுந்த ஊர்வலத்தில் தம் தந்தையாரின் சமாதியினின்று புறப்பட்டு நடந்தார். தாயும் மகளும் ஓரினத்தவர், ஒரு சமயத்தவர், ஒருவரையே இழந்து துயருற்றவர். சார்பு ஒன்றாகவும் முடிபு இரண்டாயின. எனவே, இனமும் சமயமும் கருத்திற்கு வலிய சார்புகளே ஆயினும், உயிரைத் தப்பவொண்ணாது கட்டும் தளைகள் ஆகா என்பது பெறப்பட்டது. படிகத்திற்கு நிறத்தைக் கொள்ளுதலன்றித் தெரிந்துகொள்ளும் ஆற்றல் இல்லை. உயிர்க்கோ அறிவுண்டு. படிக உவமை சார்பின் வலியை உணர்த்துமளவே உயிர்க்குப் பொருந்தும்.

முன்னைய வழக்கு ஒன்று

சமயத்தின் பேரால் பேசப்படுவன எல்லாம் சமயத்தினின்றே பிறந்தனவோ என்பதை அறிதற்கு, அந்நாட்டில் இதற்கு முன் நிகழ்ந்த பிறிதொரு மணவழக்கை நோக்குதல் வேண்டும். வெள்ளையரும் பிற இனத்தாரும் மணத்தலாகாது என்னும் சட்டம் பல மாநிலங்களில் நெடுங்காலம் நிலவியது. 1958-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தவரான ரிச்சர்ட் லவ்விங் என்னும் வெள்ளையரும், மில்ட்ரெட் என்னும் கறுப்பினக் கலப்புடைய பெண்ணும் வாஷிங்டன் நகரில் மணந்து தம்மூர் மீண்டனர். சில வாரங்களில் இரவில் காவலர் அவர்தம் வீட்டினுள் புகுந்து இருவரையும் சிறைப்படுத்தினர். ஓராண்டுச் சிறை என்றும், 25 ஆண்டுகள் இருவரும் கூடி அம்மாநிலத்திற்கு வாராதிருப்பின் அத்தண்டனை நிறுத்தப்படும் என்றும் தீர்ப்பாயிற்று. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி, இறைவன் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்தமையால் அவை கலத்தல் அவன் கருத்தன்று எனக் காரணங் கூறினார். 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தைத் தள்ளியது. அந்நாள்வரை 16 மாநிலங்களில் அத்தகைய சட்டங்கள் இருந்தன.

வெள்ளையரும் கறுப்பினத்தாரும் மணத்தலைத் தக்கதென ஏற்றோர், காலப் நிறுவனத்தார் எடுத்த கணக்கின்படி, 1958-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 4 பேர்; 2021-ஆம் ஆண்டில் 94 பேர். இடையில் திருநூலின் ஒரு சொல்லும் மாறிற்றில்லை. படித்தவர்தம் சார்பே மாறியது. அடிமைமுறை பற்றிய பிணக்கால் 1845-ஆம் ஆண்டில் பிரிந்து தோன்றிய தென்னகப் பாப்டிஸ்ட் சபையினர், 1995-ஆம் ஆண்டில் தம் முன்னோர் அடிமைமுறைக்குத் துணைநின்றமைக்கு வருந்தி மன்னிப்பு வேண்டினர். தாம் இறைவன் ஆணை என்று பற்றியிருந்தவற்றுட் சில, தம் நிலத்தின் பொருளாசையும் இனச்செருக்குமே என்பதை அவர் கண்டுகொள்ள 150 ஆண்டுகள் வேண்டியிருந்தன. அச்சபையே 2025-ஆம் ஆண்டில், ஒருபால் மணத் தீர்ப்பை மாற்றவேண்டும் எனத் தீர்மானித்தது என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

தடையும் விடையும்

ஈண்டு மூன்று தடைகள் நிகழும்.

இன வேறுபாட்டு மணமும் ஒருபால் மணமும் நிகரல்ல. முன்னது ஆண் பெண் மணமேயாக, பின்னது மணத்தின் இலக்கணத்தையே மாற்றுவது. ஆகவே ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுவலாகாது என்பது முதலாவது. கறுப்பினக் குருமார் பலர் இத்தடையை மனம் நொந்து எழுப்பினர். தம் முன்னோர் பட்ட பாட்டைப் பிறர் தம் வழக்கிற்குச் சான்றாக எடுத்தாளுதல் அவர்க்கு ஏற்புடைத்தாகவில்லை. இத்தடை ஒருபுடை உண்மையே. இரு வழக்கும் எல்லா வகையானும் ஒத்தன அல்ல. ஆயினும், உவமை எப்பொருட்டு எடுக்கப்பட்டதோ அவ்வளவிற்கே கொள்ளப்படும். லவ்விங் வழக்கு ஒருபால் மணம் தகும் என்று நிறுவமாட்டாது. ஆழ்ந்த உறுதியும், பலர் உடன்பாடும், இறைவன் பெயரும் மூன்றும் ஒருங்குகூடிய இடத்தும் முடிபு பிழையாதல் கூடும் என்பதையே அது நிறுவும். அவ்வளவே ஈண்டு வேண்டப்படுவது.

எல்லாக் கருத்தும் சார்பால் வருவனவேல், இம்மணத்தை ஆதரிப்பார் கருத்தும் சார்பால் வந்ததே; ஆகவே மெய் பொய் என்னும் பகுப்பே ஒழியும் என்பது இரண்டாவது. இதன் முற்பகுதி உண்மை. காலப் கணக்கின்படி இம்மணத்தை ஏற்றோர் 1996-ஆம் ஆண்டில் நூற்றுக்கு 27 பேராயிருந்து 2021-ஆம் ஆண்டில் 70 பேர் ஆயினர். இவ்வளவு பேரும் நூல்களை ஆராய்ந்து மனம் மாறினர் என்று யாரும் சொல்லார். பலர் தம்மைச் சூழ்ந்தார் மாற, உடன் மாறினர். பிற்பகுதியோ பொருந்தாது. ஒரு கருத்து எவ்விடத்தினின்று வந்தது என்பது அது மெய்யோ பொய்யோ என்பதைத் தானே முடிவு செய்யாது. தந்தை சொல்லக் கேட்டு அறிந்த உண்மையும் உண்மையே. சார்பால் வந்தது என்று காட்டுதலால் ஒரு கருத்து பொய்யாகிவிடாது. ஆராய்ச்சிக்கு உட்படவேண்டாத தெளிபொருள் என்னும் பெருமையை மட்டும் அஃது இழக்கும். இஃது இரு திறத்தார்க்கும் ஒக்கும். மேலும், சார்பு அனைத்தும் ஒருதன்மையன அல்ல. இருள் கண்ணைச் சார்ந்து மறைக்கும். ஒளியும் கண்ணைச் சார்ந்தே காட்டும். ஒருவர் தாம் வெறுத்த தன்மையுடையாருள் தம் மகனையோ உடன்பிறந்தாளையோ கண்டு, அவர்தம் வாழ்வையும் துயரையும் அருகிருந்து அறிந்து மனம் மாறுதலும் உண்டு. அச்சார்பு பொருளை அடுத்துக் காட்டுவதாகலின் அறிவிற்குத் துணையாகும். கேள்வியளவில் அயலாரை அஞ்சி வெறுக்கச் செய்யும் சார்பு அறிவை மறைப்பதாகும்.

அங்ஙனமாயின், சமயங்கள் தத்தம் மணமுறையைக் கைவிடுதல் வேண்டுமோ என்பது மூன்றாவது. வேண்டா. ஒரு சமயம் தன் அடியார்க்கு மணத்தைச் சடங்காக வகுக்கும் உரிமை ஒன்று; அச்சமயத்தைச் சாராதார்க்கும் அரசின் சட்டத்தால் மணத்தை மறுக்கும் உரிமை வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்துணர்தற்கு மார்மன் சபையே சான்று. 2008-ஆம் ஆண்டில் கலிபோர்னியாத் திருத்தம் நிறைவேற அச்சபையினர் பெரிதும் உழைத்தனர். 2022-ஆம் ஆண்டில் ஒருபால் மணத்தையும் இன வேறுபாட்டு மணத்தையும் ஒருங்கே காக்கும் சட்டம் எழுந்தபோது, தம் கோட்பாட்டை மாற்றாமலேயே, சமய உரிமைக்கு அதன்கண் காப்பிருத்தல் கருதி அதனை ஆதரித்தனர். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 13-ஆம் நாள் அது சட்டமாயிற்று. தம் சமயத்தில் உறுதியும் பிறர் உரிமையில் பொறையும் ஒருங்கு நிற்றல் கூடும் என்பது இதனால் விளங்கும்.

துணிபு

இனிச் சார்பினின்றும் தெளிவிற்குச் செல்லும் வழி யாதென நோக்குவாம். அந்நாட்டு வரலாறே ஒரு வழியைக் காட்டுகின்றது. ஒபாமா 2008-ஆம் ஆண்டில் தம் கிறித்தவ நம்பிக்கையைச் சுட்டி, ஆண் பெண் மணமே மணம் என்று கூறியிருந்தார். 2012-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் ஒருபால் மணத்தை ஏற்பதாக அறிவித்தபோதும் அந்நம்பிக்கையையே சுட்டினார். தமக்குப் பிறர் எவ்வாறு செய்யவேண்டும் என்று விரும்புகின்றோமோ அவ்வாறே பிறர்க்குத் தாமும் செய்தல் வேண்டும் என்னும் விதியே தம்மை அம்முடிபிற்குக் கொணர்ந்தது என்றார். சில நாட்களில் கறுப்பினத்தாரின் பழைய உரிமைச் சங்கமும் அதனை ஏற்றுத் தீர்மானித்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், மக்களுள் பத்தில் மூவர் அளவிற்குக் கறுப்பினத்தார் வாழும் மேரிலாந்து மாநிலத்தில், பொதுவாக்கெடுப்பிலேயே இம்மணம் நூற்றுக்கு 52 பேர் இசைவு பெற்றது. அவ்வினத்தாருள்ளும் பலர் அதற்கு வாக்களித்தனர். நான்கு ஆண்டுகட்கு முன் அவ்வினத்தாரின் இயற்கை என்று பழிக்கப்பட்டது இயற்கையாயின் அங்ஙனம் நெகிழ்ந்திராது.

ஆகவே, பிறரது வாழ்வைத் தொடும் தீர்ப்பொன்றைக் கூறப் புகுவார் தம் நெஞ்சை நோக்கி வினவிக்கொள்ளுதற்கு உரியன இரண்டு உள. இத்தீர்ப்பிற்கு யான் காட்டும் காரணம் என்மேற் செலுத்தப்படின் யான் அதனைக் காரணமென ஏற்பேனோ என்பது ஒன்று. இதனால் நோவார் சொல்லை அவர் வாயிலாகவே கேட்டேனோ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கடந்தும் ஒருவர் முன்னைய முடிபிலேயே நிற்றல் கூடும். அங்ஙனம் நிற்பாரைச் சார்பின் அடிமை என்று இகழ்தல் முறையன்று. கடவாது நிற்பார், ஆதரிப்பாராயினும் மறுப்பாராயினும், பிறர் தந்த நிறத்தைத் தம் ஒளி என்று கொண்டவரேயாவர்.

சார்பால் வந்ததை 'யான் அறிந்தேன்' என்று கொள்ளுதல் ஆணவத்தின் செயல். அதனை இறைவன் கட்டளை என்று பிறர்மேற் சுமத்துதல் அச்செயலின் முதிர்ச்சி. பிறர் ஒருவரின் கருத்தை அவர் பிறந்த இனத்தின் குற்றம் என்று பழித்தலும் அவ்விருளின் வேறொரு முகமேயன்றிப் பிறிதன்று. அமெரிக்க மக்களுள் இனச்சட்டத்தின் பேராலும், சமயத்தின் பேராலும், வாக்குக் கணக்கின் பேராலும் இவ்விருள் மாறிமாறித் தோன்றியது. தோன்றிய இடத்தெல்லாம் ஆராய்ச்சியும் அன்பும் அதனைச் சிறிது சிறிதாக அகற்றியும் வந்தன. கண்டத்தின் வரையறையை இறைவனது வரையறை என்று கூறிய நீதிபதியும் தம்மைப் பத்திமானாகவே எண்ணியிருந்தார் என்பதை நினைவார், தம் பத்தியையும் ஒருமுறை உரைத்துப் பார்ப்பர். பொன்னாயின் உரைத்தலால் அதற்குக் குறைவில்லை.